சத்தத்தைத் திருடியது யார்?

வியாழக்கிழமை, மாலை.

கேப்டன் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரியவில்லை. மறுபடி போட்டாள். ஊஹூம். நாற்காலியை இழுத்து அதன்மேல் ஏறிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டியூப்லைட் இருந்த இடத்தில் இருந்தது. அதன் ஸ்டார்ட்டரைத்தான் காணோம். ஸ்டார்ட்டர் கெட்டுப்போவது உண்டு. தானாகக் கழன்று நடையைக் கட்டியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

சரி, பாட்டாவது போடலாம் என்று அலமாரியைத் திறந்தால் ஸ்பீக்கரைக் காணோம். டீக்குத் தண்ணீர் வைக்கலாம் என்று போனால் கெட்டில் இருந்தது, கொதி வந்ததும் ஊரைக் கூட்டும் அதன் விசில் மூடியைக் காணோம். கடைசியாகக் கோச் உள்ளே வந்து, வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு, "என் விசிலையும் காணோம்மா. மேஜை மேலதான் வச்சேன்" என்றார். அவர் விசிலோடுதான் குளிப்பார், விசிலோடுதான் தூங்குவார் என்று பெண்களுக்குள் ஒரு கேலி உண்டு. பாவம், அந்த விசிலே போய்விட்டது.

இது பெண்கள் கால்பந்துக் கிளப். ஒரு மைதானம், ஒரு கூட்ட அறை, பந்துகளும் வலைகளும் போட்டு வைக்க ஷட்டர் போட்ட ஒரு ஸ்டோர், ஒரு பழைய வேன். சொத்து அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை இறுதிப் போட்டி. கிளப்பின் ஆயுளிலேயே முதல் இறுதிப் போட்டி. அதற்கு இரண்டு நாள் முன்பு இப்படி ஒரு திருட்டு நடந்தால் எந்தக் கேப்டன் சும்மா இருப்பாள்? கோச் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியும் கேட்காமல், அவருடைய அக்காவுக்கு அவளே போன் போட்டாள்.

அக்கா என்றால் சாதாரண அக்கா இல்லை. குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். பெரிய பெரிய ஆட்களைக் கேள்வி கேட்டே வியர்க்க வைத்தவர். தம்பி விஷயம் என்றால் மட்டும் மனசு வெண்ணெயாகிவிடும். அந்த ஒரு பலவீனத்தால்தான் இந்த வழக்கு இரண்டு நாள் இழுத்தது என்று பிற்பாடு அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அறை நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப லைட் எரிஞ்சது?"

"நேத்து சாயங்காலம்," என்றாள் கேப்டன். "எப்பவும் போல கண்ணைச் சிமிட்டிக்கிட்டே எரிஞ்சது."

"ஸ்பீக்கர்?"

"அதுவும் நேத்து இருந்துச்சு. பட்டாசுதான் பாட்டுப் போட்டா."

பட்டாசு என்பது முன்னால் நின்று கோல் அடிக்கும் பெண். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். இன்று என்னவோ ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார்.

"சாவி யார் யார்கிட்ட?"

"சார்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, சுவர்கிட்ட ஒண்ணு."

சுவர் என்பது கோல்கீப்பர். அவளைத் தாண்டி எதுவும் போகாது. கையைத் தூக்கினால் கூரையைத் தொடும் உயரம். ஸ்டார்ட்டரைக் கழற்ற அவளுக்கு நாற்காலிகூட வேண்டாம். இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்க்க, அந்தப் பெண் கூசிப்போய் முதுகை வளைத்துக்கொண்டாள்.

அலமாரியில் கேப்டனின் கைக்கடிகாரம் பத்திரமாக இருந்தது. இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வராத புது ஷூக்கள் இருந்தன. விலை போகும் எதையும் திருடன் தொடவில்லை. பூட்டும் உடையவில்லை.

"எதிர் டீம்காரங்க வேலையா இருக்கும்," என்றான் தம்பி, அதாவது கோச். "நம்ம பிளானை வேவு பாக்கறாங்கன்னு எனக்குச் சந்தேகம். அதான் நேத்தே ஜன்னலுக்கெல்லாம் பேப்பர் ஒட்டிட்டேன். சாப்பிட்டியாக்கா?"

"சாப்பிட்டேன்டா. வேவு பாக்க வந்தவன் கெட்டில் மூடியை ஏன் எடுத்துட்டுப் போறான்?"

"அதான் எனக்கும் தெரியல. விடுக்கா, ஒரு ஸ்பீக்கருக்குப் போலீசா? கேட்டா சிரிப்பாங்க."

"ஸ்டார்ட்டர் ஒண்ணு வாங்கி மாட்டேன். தெரு முனையிலயே கடை இருக்கே."

"வாங்கணும், வாங்கணும்."

அறை அரை இருட்டாகக் கிடந்தது. அந்த இருட்டிலேயே கேப்டன் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று விளக்கினாள். கோச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளா என்னைத்தான் பேசச் சொல்றார், இன்ஸ்பெக்டர் அக்கா. கேப்டன்னா பேசிப் பழகணுமாம்," என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது தம்பி வாசல்வரை வந்தான்.

"சாப்பிட்டியாக்கா?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக இருக்கிறவன், தான் சாப்பிட்டானா என்று யோசிக்க மாட்டான், அக்கா சாப்பிட்டாளா என்று இரண்டு தரம் கேட்பான். அவன் கன்னத்தில் செல்லமாக ஒன்று தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் பாதியை டாக்டர் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்றால் இன்ஸ்பெக்டரின் கணவர். மூளை நரம்பு நிபுணர். விளையாட்டில் தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும், யாரை எப்போது திரும்ப ஆட விடலாம் என்று எல்லா விளையாட்டுச் சங்கங்களுக்கும் வழிகாட்டுதல் எழுதும் நிபுணர் குழுவில் அவர்தான் பேனா பிடிப்பவர். வரைவை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது. மனுஷன் தூக்கத்தில்கூடக் கமா போட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் காகிதங்களைத் தள்ளிவிட்டுத் தட்டை வைத்தார். திருட்டுக் கதையைச் சொன்னார்.

"ஸ்டார்ட்டர், ஸ்பீக்கர், கெட்டில் விசில், கோச் விசில். இந்த நாலையும் திருடுறவன் என்னங்க பண்ணுவான்? கடையா வைக்கப் போறான்?"

"நாலும் ஒரே ஜாதிதானே?" டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "ஒண்ணு கண்ணைக் குத்தும். மத்த மூணும் காதைக் குத்தும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. பேனா கீழே விழுந்தது.

"அடக் கடவுளே," என்றார். "உங்க கிளப்ல யாருக்கோ தலையில அடிபட்டிருக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"கன்கஷன். மூளை உள்ளுக்குள்ள ஆடிப்போயிடும். வெளியில ஒரு கீறல்கூட இருக்காது, ஸ்கேன்ல பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. ஆனா வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். கோவம் பொத்துக்கிட்டு வரும், இப்பக் கேட்டது இப்பவே மறந்துடும். யாரோ ஒரு பொண்ணு அதை மறைக்கிறா. லைட்டும் பாட்டும் தாங்க முடியல, சொன்னா ஃபைனல்ல உட்கார வச்சிடுவோம். அதனால சத்தத்தையே தூக்கிட்டா."

"மறைச்சு ஆடினா என்ன ஆகும்?"

டாக்டர் விழுந்த பேனாவை எடுத்து மூடி வைத்தார்.

"முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி பட்டா மூளை வீங்கலாம். அப்படியே மைதானத்துல சரிஞ்சு விழுந்து போனவங்க உண்டு. அபூர்வம்தான். ஆனா பெத்தவங்ககிட்டப் போய் 'அபூர்வம்தான்'னு சமாதானம் சொல்ல முடியுமா?"

இன்ஸ்பெக்டருக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்களில் ஒவ்வொருத்தியும் அவர் பார்க்க வளர்ந்தவள்.

"யாருன்னு கண்டுபிடி," என்றார் டாக்டர். "இல்லன்னா டீமே ஆடக் கூடாதுன்னு நான் எழுதிக் குடுத்தாகணும். எனக்கு வேற வழியில்ல."

வெள்ளிக்கிழமை, காலை.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். டாக்டர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். சில வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பிறகு வார்த்தைகளைத் திருப்பிக் கேட்டார். போட்டிப் பருவம் தொடங்கும்போது இதே சோதனையை எல்லோருக்கும் செய்து வைத்திருந்தார். அன்றைக்கு எப்படி, இன்றைக்கு எப்படி என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய முறை. வரைவின் முதுகெலும்பே அதுதான்.

இன்ஸ்பெக்டர் முறை வேறு. அவர் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு பெண்களுக்குப் பின்னால் போய் நின்று, கைதவறிய மாதிரி சிமெண்ட் தரையில் போட்டார்.

அறையே அதிர்ந்தது. பெண்கள் துள்ளிக் குதித்தார்கள், பிறகு சிரித்தார்கள். வாசலில் நின்ற கோச் மட்டும் சீறினார். "அறிவிருக்காக்கா உனக்கு? ஒரு தட்டை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?"

இன்ஸ்பெக்டரையே திட்டிவிட்டார் என்று பெண்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் தம்பி பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் தேடியது அந்தப் பெண்களின் முகங்களில். ஒரு முகமாவது சுருங்கியதா, ஒரு கையாவது காதுக்குப் போனதா? இல்லவே இல்லை.

டாக்டர் அவரை ஓரமாக அழைத்தார். குரலில் குழப்பம்.

"எல்லாரும் பாஸ். ஒருத்திதான் கணக்குல இடிக்குது. பட்டாசு."

"ஃபெயிலா?"

"அதான் இல்ல. பருவ ஆரம்பத்துல பாதி வார்த்தைகூடச் சொல்லல, ஒத்தக் கால்ல நிக்கத் தெரியாம தள்ளாடினா. இன்னைக்கு எல்லாத்தையும் பிசகாமச் சொல்றா, நட்டு வச்ச கம்பு மாதிரி நிக்கறா. தலையில அடிபட்டு புத்தி கூடினதா நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்ல."

இன்ஸ்பெக்டர் பட்டாசின் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா உன் சத்தத்தையே காணோமே."

அவள் தலையைக் குனிந்தாள்.

"தலை வலிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"வாயைத் தொறந்து பேசு."

"தொண்டை," என்றாள் பட்டாசு. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. "அரையிறுதியில கத்தினதுல தொண்டை கட்டிக்கிச்சு அக்கா. சொன்னா காய்ச்சல்னு உட்கார வச்சிடுவாங்கன்னு பயந்து சொல்லல."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டை செக்கச் செவேலென்று இருந்தது. டார்ச் வெளிச்சத்துக்கு அவள் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை.

"அப்ப ஆரம்பத்துல நடத்தின சோதனையில ஏன் அவ்வளவு மோசமா பண்ணினே?"

பட்டாசு கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் கூரையைப் பார்த்தாள்.

"சீனியருங்க சொல்லிக் குடுத்தாங்க," என்று காற்றாகவே ஒப்புக்கொண்டாள். "முதல் சோதனையில வேணும்னே சொதப்பிடணும். அப்புறம் நிஜமாவே அடிபட்டாலும் மார்க்கு அதே மாதிரிதான் வரும். டாக்டர் சாரால கண்டுபிடிக்க முடியாது."

டாக்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். நிபுணர் குழு மாசக்கணக்கில் கூடிப் பேசி எழுப்பிய கோட்டையில், இந்தப் பெண்கள் சர்வசாதாரணமாகப் பின்கதவு வைத்திருக்கிறார்கள். கோபப்படுவதா, சபாஷ் போடுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

"அப்ப நான் இன்னைக்கு நடத்தின சோதனையையே நம்ப முடியாது," என்றார் கடைசியில். "யார் வேணாலும் இருக்கலாம்."

சந்தேகப் பட்டியலில் மிச்சமிருந்தது சுவர் ஒருத்திதான். இன்ஸ்பெக்டர் அவளை மைதானத்துக்கு அழைத்துப் போனார்.

"இந்த வாரம் யாருக்காவது தலையில பந்து பட்டுதா? மோதிக்கிட்டீங்களா?"

"இல்லக்கா. சார்தான் அரையிறுதிக்கு அப்புறம் தலையால ஆடவே விடலையே. எல்லாம் கால் பயிற்சிதான்."

"செவ்வாய்க்கிழமை?"

"அன்னைக்குச் சீக்கிரமே விட்டுட்டார். பட்டாசு அடிச்ச பந்து கம்பத்துக்கு மேல பறந்து ஸ்டோருக்குள்ள உருண்டு போச்சு. சார் எடுக்கப் போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். நாங்க உக்காந்து கதையடிச்சோம். அப்புறம் வந்து, 'இன்னைக்கு இது போதும், வீட்டுக்குப் போங்க'ன்னுட்டார். எங்களுக்கு ஒரே சந்தோஷம்."

அப்படியானால் பயிற்சியில் யாருக்கும் அடிபடவில்லை. இன்ஸ்பெக்டர் மைதானத்தை வெறித்துப் பார்த்தார். தப்பு செய்தவன் எதிரில் நின்றால் அவருக்கு மூக்கில் வியர்க்கும். இந்தப் பெண்களிடம் ஒன்றும் வியர்க்கவில்லை.

சாயங்காலம் தம்பி வந்து டாக்டரிடம் கெஞ்சினான். "மாமா, பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க. எத்தனை வருஷக் கனவு மாமா இது. ஒரே ஒரு ஃபைனல். நான் பெஞ்சுல உக்காந்து பாத்துடறேன், போதும்."

"நாளைக்கு வேன் கிளம்புற வரைக்கும் டைம்," என்றார் டாக்டர். "அதுக்குள்ள உங்கக்கா யாருன்னு சொல்லிட்டா மத்தவங்க போகலாம். இல்லன்னா யாரும் போகக் கூடாது. என் மேல கோவப்படாதே மாப்ளே."

சனிக்கிழமை, காலை.

வேன் கிளப் வாசலில் நின்றது. பைகள் ஏறிவிட்டன. பெண்கள் ஏறவில்லை. டாக்டர் என்ன சொல்லப் போகிறாரோ என்று ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்தது. டிரைவர் யார்? வழக்கம்போலக் கோச்தான். மேட்டிலிருந்து இறங்கி, நெடுஞ்சாலையில் லாரிகளோடு லாரியாக வெகுதூரம் போக வேண்டும்.

தம்பி குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். காலர் இறங்கியது. பின்னால் நின்ற இன்ஸ்பெக்டரின் கண்ணில் அவன் பிடரி பட்டது.

வருஷக்கணக்காக வெயிலில் நின்று கறுத்த கழுத்து. அதில் ஒரு மெல்லிய வெளுத்த கோடு, கயிறு கட்டின அச்சு மாதிரி. வெயிலே படாத கோடு.

இன்ஸ்பெக்டரின் மூக்கு வியர்த்தது.

அவர் நேராகப் போய்க் கையை நீட்டினார். "வேன் சாவியைக் குடு."

"எதுக்குக்கா?"

"குடுடா."

கேட்ட தொனியில் எல்லோரும் திரும்பினார்கள். தம்பி சாவியைக் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் அதைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினார்.

"திருடன் கிடைச்சாச்சு. உங்கள்ல யாரும் இல்ல. காணாமப் போனது நாலு பொருள். ஸ்டார்ட்டர், ஸ்பீக்கர், கெட்டில் மூடி, இந்த மூணையும் சாவி இருக்கிற யார் வேணாலும் எடுத்திருக்கலாம். நாலாவது விசில். மேஜை மேல வச்சேன், காணோம்னு இவன் சொன்னான். நானும் நம்பிட்டேன். இவன் என்னைக்காவது விசிலைக் கழட்டி மேஜை மேல வச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடையாள அட்டை போட்டோவுலகூட இவன் கழுத்துல கயிறு தெரியும். கழுத்துல கிடக்கிற விசிலைக் கழுத்துக்காரனுக்குத் தெரியாம எவனால திருட முடியும்? அதைக் கழட்ட ஒரே ஒரு ஆளாலதான் முடியும்."

"சாரா?" என்றாள் சுவர்.

"திருட்டு கொடுத்தவன்னு இவனை நான் ஒரு கேள்விகூடக் கேக்கல. அதான் நான் பண்ணின முதல் தப்பு. ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டினது யாரு? வேவுக்காரனுக்காக இல்ல, வெயிலுக்காக. கேப்டனைப் பேசச் சொன்னது ஏன்? தன்னால பேச முடியல. புது ஸ்டார்ட்டர் ஏன் வாங்கல? வாங்கினா லைட் எரியும். நேத்து தட்டு விழுந்தப்ப நான் உங்க மூஞ்சியைத்தான் பாத்தேன். பொறந்ததுலேருந்து என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாதவன் வாசல்ல நின்னு சீறினதைக் காதுல வாங்கல." அவர் குரல் இலேசாகத் தடுமாறியது. "சாப்பிட்டியான்னு ரெண்டு தரம் கேட்டான். பாசம்னு நினைச்சுட்டேன். முதல் தரம் கேட்டது அவனுக்கு ஞாபகமே இல்ல."

அவர் தம்பி பக்கம் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை ஸ்டோர்ல என்னடா நடந்துச்சு?"

தம்பி வேனில் சாய்ந்துகொண்டான். வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஷட்டர் பாதி இறங்கி இருந்துச்சுக்கா. குனிஞ்சு பந்தை எடுத்துட்டு வேகமா நிமிர்ந்துட்டேன். அந்த இரும்பு விளிம்பு நடு மண்டையில. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, அப்படியே உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல."

"ஏன் சொல்லல?"

"யாருக்காவது தலையில அடிபட்டா ஒரு வாரத்துக்கு மைதானப் பக்கமே வரக் கூடாதுன்னு இவங்களுக்குச் சட்டம் போட்டதே நான்தான். எனக்கே பட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது? அப்புறம், இது ஆட்டத்துல பட்ட அடி இல்லையே. ஷட்டர்தானே. மாமா எழுதின விதியிலயும் ஆடறவங்களைப் பத்தித்தானே இருக்கு. நான் ஆடப் போறதில்லையே. சும்மா உக்காந்து பாக்கத்தானே போறேன்."

"உக்காந்து பாக்க மட்டுமா போறே?" இன்ஸ்பெக்டர் வேனின் கதவைத் தட்டிக் காட்டினார், மெதுவாகத்தான். "இந்தப் பிள்ளைங்களை எல்லாம் பின்னால வச்சுக்கிட்டு ஹைவேயில வண்டி ஓட்டப் போறே."

அது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தில் ரத்தமே இல்லை. பெண்களைப் பார்த்தான், வேனைப் பார்த்தான், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "மாசத்தைப் பின்னாலேருந்து சொல்லு மாப்ளே."

"டிசம்பர், நவம்பர், அக்டோபர்..." தம்பி நின்றான். உதடு அசைந்தது. "அக்டோபர்..."

"போதும்," என்றார் டாக்டர். அவன் தலையை மெதுவாகத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "உன் மேல தப்பில்ல. ஆடறவங்க, ஆடறவங்கன்னு பக்கம் பக்கமா எழுதினேன். ஓரத்துல நிக்கறவன் தலை என்ன இரும்பா? நாலு நாளா என் வீட்டு ஆளே இப்படி இருக்கான், நான் ஊருக்கெல்லாம் வழி காட்டிட்டு இருக்கேன்."

தம்பி தன் பாக்கெட்டில் கையை விட்டு விசிலை எடுத்தான். கேப்டனைக் கூப்பிட்டு அவள் கையில் வைத்தான். ஸ்பீக்கரும் மற்றதும் ஸ்டோரில், கிழிந்த வலைக்கு அடியில் இருப்பதாகச் சொன்னான்.

"நீங்க இல்லாம நாங்க எப்படி சார்?" கேப்டன் அழுதுவிட்டாள்.

"நாலு நாளா நீதானேம்மா எல்லாத்தையும் சொல்லித் தர்றே. என் தலைவலிக்காக உன்னைப் பேச வச்சேன். ஆனா நீ என்னைவிட நல்லாப் பேசறே, அதைக் கேட்டுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். போயிட்டு வாங்க."

"யார் வண்டி ஓட்டறது?" என்றாள் சுவர்.

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே டிரைவர் சீட்டில் ஏறி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "திருடனைத் துரத்தறதுக்கே நான்தான் ஜீப் ஓட்டுவேன். ஏறுங்கடி."

அன்று முழுவதும் தம்பி அக்கா வீட்டின் உள்ளறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். செல்போனை டாக்டர் பிடுங்கி வைத்துக்கொண்டார். டிவி கூடாது, படிப்பு கூடாது. ஸ்கோர் என்ன என்று கேட்டால் "தூங்கு" என்று பதில் வந்தது. டாக்டர் கதவருகே உட்கார்ந்து தன் வரைவை அடித்து அடித்து எழுதினார். நடுநடுவே மெதுவாகப் படித்துக் காட்டினார்.

"'ஆடுபவர்'ங்கறதை எல்லா இடத்துலயும் எடுத்துட்டேன். மைதானத்துக்குள்ள தலையோட வர்ற எல்லாருக்கும் இதே விதி. கோச், நடுவர், பந்து பொறுக்கறவங்க, எல்லாரும். சரியா?"

"சரி மாமா."

"முதல் சோதனை மார்க்கை மட்டும் நம்பக் கூடாது. கூட இருக்கறவங்களைக் கேக்கணும். இந்த ஆள் வழக்கமா செய்யற எதையெல்லாம் திடீர்னு நிறுத்திட்டார்னு. இது உங்கக்கா குடுத்த வரி. குழுவுல யாராவது எடுக்கச் சொன்னா நான் ராஜினாமா பண்ணிடுவேன்."

தம்பி இருட்டில் சிரித்தான். சிரித்தது தலையில் வலித்தது.

பொழுது சாயும் நேரத்தில் வேன் சத்தம் கேட்டது. எப்போதும் ஹாரன் அடித்து, கதவை அறைந்து, தெருவையே எழுப்பிக்கொண்டு இறங்கும் கூட்டம். இன்றைக்குக் கதவு திறந்ததே தெரியவில்லை. தம்பி எழுந்து உட்கார்ந்தான். தோற்றுவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டான். கோச் இல்லாமல் போன பிள்ளைகள், பாவம், என்ன செய்யும்.

உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது. ஷூக்களைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில், சுவரோரமாக ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். அவ்வளவு பேரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இருட்டில் முகங்கள் தெரியவில்லை. பின்னால் இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு நிமிஷம்தான்," என்று டாக்டர் கிசுகிசுத்தார். "ஆட்டத்தைப் பத்தி மூச்சு விடக் கூடாது. பேஷண்டுக்குப் பரபரப்பு ஆகாது."

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பரவாயில்லம்மா," என்றான். "தோத்தா என்ன? ஃபைனல் வரைக்கும் போனதே பெரிசு. அதுக்காக யாரும் அழக் கூடாது."

எங்கோ ஒரு மூக்கு உறிஞ்சியது. இன்னொரு மூலையில் ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு உயரமான ஒரு உருவம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கியது. அது பக்கத்தில் நின்றவளுக்கும் தொற்றி, அவள் பக்கத்தில் நின்றவளுக்கும் தொற்றி, கட்டிலின் கால்கூட இலேசாக ஆடியது.

தம்பி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அக்காவைப் போலவே, ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தான்.

"அடிப்பாவிங்களா," என்றான் மெதுவாக. "தோத்தவங்க யாராவது இப்படிச் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிப்பாங்களா?"

குளிர்ந்த, கனமான எதையோ அவன் மடியில் யாரோ வைத்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது. அவன் அதைத் தடவிப் பார்த்தான், பிறகு கட்டிக்கொண்டு அழுதான். அந்த அறையில் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் குதித்துக்கொண்டிருந்தார்கள்.